நிக்கலா, இரிடியமா? நம்ம ஊர் பைக்குக்கு எந்த பிளக்

அப்பாவிடம் இருப்பது பழைய கார்புரேட்டர் ஸ்பிளெண்டர். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்கு விடியற்காலை நாலு மணிக்கு அதில்தான் கிளம்புவார். வீட்டிலிருந்து தோட்டம் மூன்று கிலோமீட்டர் கூட இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடவப்பாதி மழை பிடித்த சமயத்தில் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்த ஆரம்பித்தது. பத்து பதினைந்து உதை உதைப்பார். பிறகு நெற்றி விளக்கு வெளிச்சத்தில், எஞ்சினுக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் ஓடும். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே பாடு.

அதற்குச் சில நாள் முன்புதான் பிளக் மாற்றியிருந்தோம். "கரி பிடிக்குதுன்னா ஒரு நம்பர் கூட்டிப் போடுங்க, சூடு கூடும், கரி எரிஞ்சிரும்" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கிய பிளக் அது. சரி, மலிவான பிளக் என்பதால் இப்படி ஆகிறது போல என்று நினைத்து, அதே எண்ணில், நுனி இரிடியம் உலோகத்தால் ஆன விலை கூடிய பிளக் வாங்கிப் போட்டேன். இரண்டு மாதத்தில் அதையும் கரி மூடிவிட்டது.

தக்கலையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய பீங்கான் மூக்கு, விறகடுப்பில் வைத்த பானையின் அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. விரலால் தடவினால் ஈரம் இல்லாத கரிப்பொடி ஒட்டியது. "ஆயில் அடிக்கல, வெறும் கரிதான். இரிடியத்த குத்தம் சொல்லாத மக்ளே. நம்பரு மாறிக் கெடக்கு பாத்துக்க" என்றார். வண்டிக்கு உரிய எண்ணில் ஒரு சாதாரண நிக்கல் பிளக்கைப் போட்டு அனுப்பினார். அந்த மழைக்காலம் முடியும்வரை அப்பா பிளக் ஸ்பேனரைத் தொடவில்லை.

பிளக் வாங்கப் போகும் பலரும் "நிக்கலா, இரிடியமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண். எண் தப்பினால் எவ்வளவு விலை உயர்ந்த உலோகமும் உதவாது என்பதை அப்பா மழையில் நனைந்து உதைத்த உதைகளில் பார்த்துவிட்டேன்.

அந்த எண் பொறியின் வலுவைச் சொல்வதில்லை. பிளக் தன் நுனியில் சேரும் சூட்டை எவ்வளவு வேகமாக எஞ்சின் ஹெட்டுக்கு, அதாவது பிளக் திருகியிருக்கும் மேல்பாகத்துக்குக் கடத்தும் என்பதைச் சொல்கிறது. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரம் எடுக்கும், நுனி சூடாகவே இருக்கும். அதுதான் ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது கோல்ட் பிளக். நுனி ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறி விழும் முன்பே நுனியின் சூட்டில் பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே நுனியை நிறுத்தும் பிளக் எதுவென்று வண்டியைச் செய்தவர்கள் சோதித்துப் பார்த்துத்தான் கையேட்டில் எழுதுகிறார்கள்.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது முழுத் தப்பு இல்லை, கம்பெனிதான் மாறிவிட்டது. எங்கள் பக்கம் பழைய ஆட்களுக்கு பிளக் என்றால் மைக்கோ. 1951-இல் தொடங்கி, 2008-இல் போஷ் என்று பெயர் மாறிய அதே நிறுவனம். போஷ் கணக்கில் எண் கூடினால் பிளக் ஹாட். சாம்பியனிலும் அப்படித்தான். என்ஜிகேயிலும் டென்சோவிலும் நேர் எதிர்: எண் கூடக் கூட கோல்ட். மைக்கோவில் பழகிய கணக்கை என்ஜிகே டப்பாவின் மேல் போட்டதால், கரியை எரிக்கும் ஹாட் பிளக் என்று நினைத்து, கரி சேர்க்கும் கோல்ட் பிளக்கை எங்களிடம் கொடுத்துவிட்டார். மூன்று கிலோமீட்டர், குளிர்ந்த எஞ்சின், பாதி வழிக்கு சோக் இழுத்தபடி ஓட்டம். அந்த நுனி 450 டிகிரியை எட்டிப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

கம்பெனி மாற்றி வாங்குவதாக இருந்தால், பழைய பிளக்கின் எண்ணை அப்படியே சொல்லாதீர்கள். ஒரு கம்பெனி எண்ணுக்கு இன்னொன்றில் எது சமம் என்று காட்டும் நிகர் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். என்ஜிகேயின் 6, 7, 8 என்பவை டென்சோவில் 20, 22, 24 ஆகும். போஷின் எண்களை இந்த வரிசையோடு மனக்கணக்காக ஒப்பிட முடியாது.

எண்ணோடு சேர்த்து எழுத்துகளையும் வாசிக்கப் பழகிக்கொள்வது நல்லது. என்ஜிகேயின் சிஆர்8இ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'சி' என்றால் ஹெட்டில் திருகும் மறையின் விட்டம் 10 மி.மீ., அதற்கு 16 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர், அதாவது மின்தடை இருக்கிறது. 8 என்பது நாம் மேலே பேசிய சூட்டு எண். கடைசி 'இ' மறையின் நீளம், 19 மி.மீ. அந்த இடத்தில் 'எச்' இருந்தால் நீளம் 12.7 மி.மீ. தான். இரண்டும் ஒரே ஹெட்டில் திருகிக்கொண்டு போகும் என்பதுதான் ஆபத்து. நீளம் குறைந்ததைப் போட்டால் ஹெட்டில் மீதி மறை வெறுமையாக நின்று கரி அடைத்துக்கொள்ளும், பிறகு சரியான பிளக் உள்ளே இறங்காது. நீளம் கூடியதைப் போட்டால் பிஸ்டனோ வால்வோ வந்து முட்டும்.

ரெசிஸ்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்டியில் அது ரேடியோ கரகரப்பைத் தடுக்கும் விஷயம், அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐயும் (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) அதற்கு ஒரு சின்ன கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. பொறியிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல் அந்தக் கம்ப்யூட்டரைக் குழப்பும். ஆகவே கையேட்டில் 'ஆர்' இருந்தால் வாங்கும் பிளக்கிலும் 'ஆர்' இருந்தே ஆக வேண்டும்.

இத்தனையும் பொருந்திய பிறகுதான் உலோகப் பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடைகளில் "காப்பர் பிளக்" என்று கொடுப்பதும் "நிக்கல் பிளக்" என்று கொடுப்பதும் ஒன்றுதான். செம்பு உள்ளே சூடு கடத்தும் தண்டாக இருக்கிறது. பொறி பறக்கும் நுனி நிக்கல் கலவை. இரிடியம் பிளக்கின் உள்ளேயும் செம்புத் தண்டு உண்டு.

நிக்கல் பிளக்கின் நடு நுனி ஏறத்தாழ 2.5 மி.மீ. தடிமன். இரிடியத்தில் அது 0.6 மி.மீ., டென்சோவின் சில பிளக்குகளில் 0.4 மி.மீ. தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தீக்குச்சித் தண்டு, மற்றது தையல் ஊசி. நிக்கல் உருகும் வெப்பநிலை 1455 டிகிரி, இரிடியத்துக்கு 2400 டிகிரிக்கு மேல். அதனால்தான் ஊசி அளவு மெல்லிதாகச் செய்தும் அது தேயாமல் நிற்கிறது. மெல்லிய முனையிலிருந்து பொறி பாயக் குறைந்த மின்னழுத்தம் போதும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், காலை ஈரத்திலும், பொறி தவறாமல் விழும். மெல்லிய முனை தீயின் சூட்டையும் குறைவாக உறிஞ்சும். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வினாடிக்கு 50 தடவை கலவை பற்ற வேண்டும். அதில் ஒன்றிரண்டு தவறுவது காதுக்குத் தெரியாது, நின்ற நிலையில் வண்டி லேசாகத் துள்ளுவதில் கைக்குத் தெரியும்.

பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவில். பைக்குக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, அது பெரும்பாலும் கார் சமாச்சாரம். நடு நுனிக்கு எதிரே வளைந்து நிற்கும் வெளிக்கால் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று வைத்த பிளக் என்று சிலர் விற்பார்கள். எத்தனை கால் இருந்தாலும் ஒரு நேரத்தில் பொறி ஒரு காலுக்குத்தான் பாயும். அதையும் விட்டுவிடலாம்.

அப்புறம் காசுக் கணக்கு. எங்கள் பக்கம் 100 முதல் 150 சிசி வண்டிக்கான நிக்கல் பிளக் 100 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. நான் வாங்கிய இரிடியம் அதைப்போல ஆறு மடங்கு. நிக்கலை 10,000 அல்லது 12,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்லும் கையேடுகள்தான் அதிகம். இரிடியம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடும் என்று வைத்துக்கொண்டாலும், வெறும் ரூபாயில் பார்த்தால் நிக்கல்தான் லாபம். மைலேஜ் ஏறி அந்தக் காசு திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேய்ந்துபோன நிக்கலை எடுத்துவிட்டுப் புது இரிடியம் போட்டால் மைலேஜ் ஏறத்தான் செய்யும், புது நிக்கல் போட்டிருந்தாலும் ஏறியிருக்கும். இரிடியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, தடுமாறாத ஸ்டார்ட்டுக்கும் அடிக்கடி பிளக்கைத் தொட வேண்டாம் என்ற நிம்மதிக்கும்தான். அது யாருக்குத் தேவை என்று பார்க்க வேண்டும்.

அப்பா மாதிரி கார்புரேட்டர் வண்டியில் குறுகிய தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நிக்கலே போதும் என்பது என் உறுதியான எண்ணம். கார்புரேட்டரில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலோ, ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, கரி வரத்தான் செய்யும். நிக்கல் என்றால் துடைத்துப் போடலாம், பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்க்கலாம், மீறினால் 100 ரூபாயில் புதுசு. இரிடியத்தின் ஊசி நுனியில் கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ படவே கூடாது, உடைந்துவிடும். பொறி தாண்டும் இடைவெளியைச் சரிசெய்வதென்றாலும் நடு நுனியை நெம்பாமல் வெளிக்காலை மட்டும் பொறுமையாக வளைக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு நெற்றி விளக்கு வெளிச்சத்தில் செய்யும் வேலை இல்லை அது.

குளச்சலிலும் முட்டத்திலும் மீன் எடுத்துக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளுக்கும் நிக்கல்தான் சொல்வேன், ஆனால் காரணம் வேறு. கடற்கரையில் பிளக்கைக் கெடுப்பது உப்புக்காற்று. அது எஞ்சினுக்குள் இருக்கும் நுனியை ஒன்றும் செய்யாது. வெளியே நிற்கும் இரும்பு உடலையும், மின்வயரின் கேப் மாட்டும் முனையையும்தான் அரிக்கும். உடலின் இரும்பு இரண்டு வகையிலும் ஒன்றேதான். இரிடியம் போட்டுவிட்டோம், மூன்று வருடம் பார்க்க வேண்டாம் என்று விட்டால், பிளக் அலுமினிய ஹெட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது ஹெட்டின் மறையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். மறை போனால் ஹெட்டைக் கழற்றி புஷ் போட்டு வர வேண்டும், பிளக் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே! மண்டைக்காட்டிலிருந்து தேங்காப்பட்டணம் வரை கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்கள் எந்த பிளக் போட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றித் துடைத்து மாட்டுங்கள். எப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்றால் நிக்கலே நல்லது. கேப்பின் ரப்பருக்குள் துளி சிலிக்கோன் கிரீஸ் தடவினால் மழைநீரும் உப்பும் உள்ளே இறங்காது.

மார்த்தாண்டத்திலிருந்தோ தக்கலையிலிருந்தோ நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போகும் எஃப்ஐ வண்டிக்காரர்களின் நிலை வேறு. எனக்குப் போக வர 35 கிலோமீட்டர், வருடத்துக்கு 10,000 தாண்டும். எஃப்ஐ வண்டியில் கலவையைக் கம்ப்யூட்டர் அளந்து கொடுப்பதால் கரி பிடிக்கும் தொல்லை குறைவு, ஆகவே இரிடியம் தன் ஆயுளை முழுதாக வாழும். நெரிசலில் ஊர்ந்து, நின்று, மறுபடி கிளம்பும் ஓட்டத்தில் ஐடில், அதாவது நின்ற நிலையில் எஞ்சின் ஓடுவது, சீராக இருப்பது நன்றாகவே தெரியும். இங்கே இரிடியம் தகும். நிக்கலைக் கணக்காக மாற்றுகிறவர்களுக்கு அதிலும் குறை ஒன்றும் இல்லை. கையேட்டிலேயே இரிடியம் என்று போட்டிருக்கும் வண்டிக்கு மட்டும் நிக்கலுக்கு இறங்க வேண்டாம். அதன் சர்வீஸ் இடைவெளியே இரிடியத்தின் ஆயுளை வைத்துப் போட்டது.

பல்சர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பஜாஜ் 2003-இல் கொண்டுவந்த டிடிஎஸ்ஐ எஞ்சினில் இரண்டு பிளக், என்எஸ்200-இல் மூன்று. ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டிக்கொண்டே போகும், வண்டி நிற்காது. என் பல்சர் 150-இல் ஒரு பக்கத்து பிளக் கேப் விட்டுப்போனதே எனக்குப் பல நாள் தெரியவில்லை. பெட்ரோல் செலவு கூடியது, ஏற்றத்தில் இழுவை குறைந்தது, அவ்வளவுதான். எந்த வகை வாங்கினாலும் எல்லா பிளக்கையும் ஒரே வகையில் ஒன்றாக மாற்றுங்கள். கை எட்டும் பக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கம் ஒர்க்ஷாப்புகளில் உண்டு, கழற்றிய பழையதை எண்ணிக் கேட்டு வாங்குங்கள். பல்சரில் இரிடியம் போட்டால் செலவும் இரட்டிப்பு என்பதால் நான் நிக்கலிலேயே நிற்கிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றில் முழு ரேஸ் பிடித்துத் திருநெல்வேலி போகிறவர்களும், பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறுகிறவர்களும் "எஞ்சின் சூடாகுது, ஒரு படி கோல்ட் போடலாமா?" என்று கேட்பதுண்டு. எஞ்சினில் எதையும் மாற்றாத வண்டிக்கு வேண்டாம். இந்த ஓட்டத்தையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் கையேட்டு எண் போடப்பட்டது. சந்தேகம் இருந்தால் பிளக்கையே கேளுங்கள். பத்து கிலோமீட்டர் வழக்கமான வேகத்தில் ஓட்டி, ஐடிலில் விடாமல் எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். மூக்கு வெளிர் பழுப்பாகவோ லேசான சாம்பலாகவோ இருந்தால் எண் சரி. காய்ந்த கரி என்றால் கலவை கூடுதல், அல்லது பிளக் கோல்ட். ஈரமான, பிசுபிசுத்த கறுப்பு என்றால் ஆயில் அடிக்கிறது, அதாவது எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் கசிகிறது. ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும், எந்த பிளக்கும் அதை ஆற்றாது. மூக்கு வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால்தான் சூடு மீறுகிறது என்று பொருள். அப்போதும் முதலில் கலவையைச் சோதியுங்கள்.

போலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நல்ல பெயர் உள்ள பிளக்குக்கெல்லாம் போலி உண்டு, விலை கூடிய இரிடியத்தில் ஏமாந்தால் வலியும் கூட. வாங்கிய இடத்திலேயே இரண்டு காரியம் பார்க்கலாம். மறையின் மேல் இருக்கும் வளைய வாஷரை விரலால் சுழற்றிக் கழற்றிப் பாருங்கள், நல்ல பிளக்கில் அது லேசில் வெளியே வராது. நடு நுனியும் வெளிக்காலும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்று: 'ஆர்' போட்ட பிளக்கின் தலைக்கும் நடு நுனிக்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். சுழியத்தை ஒட்டி நின்றால் அந்த 'ஆர்' வெறும் அச்சுதான்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். கழற்றும் முன்பே பிளக்கைச் சுற்றியுள்ள குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் சிலிண்டரில் கோடு போட்டுவிடும். முதலில் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள், இடையில் முரண்டு பிடித்தால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். விரல் இறுக்கத்துக்கு மேல் புது பிளக்குக்கு ஸ்பேனரில் அரைச் சுற்று போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருந்தால் 10 மி.மீ. மறைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், ஸ்பேனரை லேசாக அசைத்தால் சரி.

கடைசியாக நெடும்பயணக்காரர்கள். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை தேசிய நெடுஞ்சாலை 44-இல் 3500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களை எங்கள் ஊரில் அடிக்கடி பார்க்கலாம். அவர்களுக்கு நான் இரிடியம் என்றுதான் சொல்வேன், சரியான எண்ணில், கிளம்ப 500 கிலோமீட்டருக்கு முன்பே போட்டு ஓட்டிப் பார்த்து. கூடவே டூல் பையில் அதே எண்ணில் ஒரு நிக்கல் பிளக்கும், அதற்குப் பொருந்தும் ஸ்பேனரும் இருக்கட்டும். அப்பாவின் ஸ்பிளெண்டர் சீட்டுக்கடியிலும் இப்போது அப்படி ஒன்று பாலித்தீன் உறையில் சுற்றிக் கிடக்கிறது. உறைமேல் கறுப்பு மையால் அவரே எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.